கருப்பம்மாள் வீட்டுக்கு யாரும் வரவில்லை

எங்கள் தெருவுக்குள் யார் வந்தாலும் கருப்பம்மாளைத் தாண்டித்தான் வர வேண்டும். சிவகாசியில் விஸ்வநத்தம் ரோட்டிலிருந்து திரும்பியதும் முதல் வீடு அவளுடையது. வழி கேட்டு நிற்கிறவர்களை அவள் லேசில் விடமாட்டாள். எந்த ஊர், யார் வீட்டுக்கு, சாப்பிட்டாச்சா, ஏன் இன்னும் சாப்பிடவில்லை என்று எல்லாவற்றையும் கேட்டு, மோரோ கஞ்சியோ குடிக்க வைத்துத்தான் அனுப்புவாள். என் தங்கையைப் பெண் பார்க்க வந்தவர்களையே ஒரு தடவை உள்ளே உட்கார வைத்து, பருப்பு வடை சுட்டுப் போட்டு வயிற்றை நிரப்பிவிட்டாள். இங்கே நாங்கள் பூவும் பொட்டுமாகக் காத்துக்கிடந்தோம். அவர்கள் ஏப்பம் விட்டுக்கொண்டு வந்து, எங்கள் அம்மா செய்த கேசரியைத் தொடக்கூட இல்லை. நான் போய்ச் சண்டை போட்டேன். "ஒன் வீட்டுக்கு வந்தவுக எனக்கு வந்தவுக இல்லையா பத்திரகாளி" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு முன்னால் யார் என்ன பேச முடியும்?

அப்படிப்பட்டவள் ஒரு நாள் தன் வாசலில் நின்று, உள்ளே இருந்த சம்பந்தியம்மாளை, வரவே இல்லை என்று சொன்னாள். கெட்ட எண்ணம் அதில் கடுகளவும் கிடையாது. ஆனாலும் அந்த ஒரு வார்த்தையால் நடந்ததை நினைத்தால் எனக்கே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது. சொன்னவளுக்கு எப்படி இருக்கும்?

அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்பது வெளியூர்க்காரர்களுக்குச் சட்டென்று விளங்காது. கருப்பம்மாள் சின்ன வயதிலேயே தீப்பெட்டி ஒட்டப் போனவள். பிறகு பட்டாசுக்கு மாறினாள். இருளாண்டியைக் கட்டிக்கொண்டு இந்தத் தெருவுக்கு வந்து, செந்தூர்பாண்டியைப் பெற்ற பிறகு கம்பெனிக்குப் போகாமல் வீட்டிலேயே சரம் பின்னினாள். வெடிகளின் திரிகளை வரிசையாக நூலில் கோத்துப் பின்னுவதுதான் சரம் பின்னுவது. அதை லைசென்ஸ் உள்ள இடத்தில்தான் செய்ய வேண்டும், வீட்டில் செய்தால் குற்றம். குற்றம் என்று எங்களுக்கும் தெரியும். ஏஜெண்டு மூட்டையைக் கொண்டுவந்து போடுவான், பின்னி முடித்ததும் எடுத்துப் போவான். அடுப்பு ஒரு பக்கம், வெடி ஒரு பக்கம் என்று குடும்பம் நடத்தியவர்கள் நாங்கள். பெருமையாகச் சொல்லவில்லை.

அந்தக் காலத்தில் ஒரு மத்தியானம், சட்டைப் பையில் பேனா வைத்த ஒருவர் வந்தார். வீட்டில் எத்தனை பேர், யார் யார் என்ன வேலை என்று தன்மையாகக் கேட்டார். கருப்பம்மாள் வழக்கம்போல உட்கார வைத்து, மோர் கொடுத்து, எல்லாவற்றையும் சொன்னாள். என் வீட்டுக்காரர் கூட என்னைவிட வேகமாகப் பின்னுவார் என்று பெருமை வேறு. மறுநாள் ஜீப் வந்தது. மூட்டைகளோடு இருளாண்டியையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர் ஜாமீனில் வந்தார். ஆனால் வந்தவர் பழைய ஆள் இல்லை. தெருவில் தலைகாட்டக் கூசி, வீட்டுக்குள்ளேயே கிடந்து, ஒரு வருஷம் போலத் தள்ளி நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தார். ஏஜெண்டு அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. அவனுக்கு என்ன, அடுத்த தெருவில் வேறு ஆள் கிடைத்திருக்கும். பிள்ளையை வளர்க்க வேண்டுமே, பிறகு வேறு ஒரு ஏஜெண்டிடம் மூட்டை வாங்கிக் கருப்பம்மாள் மறுபடியும் பின்கட்டில் பின்னத்தான் செய்தாள்.

என் வாய்தான் அவரைக் கொன்றது என்று கருப்பம்மாள் என்னிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். அதற்குப் பிறகு எங்கள் தெருவில் ஒரு பழக்கம் வந்தது. சும்மா வருகிறவனுக்குச் சோறு உண்டு. கழுத்தில் அட்டை தொங்க, கையில் எதையாவது வைத்துக்கொண்டு, வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டால் மட்டும் எல்லோருக்கும் ஒரே பதில்: நாங்கள் மட்டும்தான், வேறு யாரும் இல்லை. பேசத் தெரிந்த பிள்ளைகளுக்கெல்லாம் இதைச் சொல்லிக் கொடுத்திருந்தோம்.

இனி வெள்ளத்துக்கு வருகிறேன். 2023 டிசம்பரில் தாமிரபரணி பெருகி, தூத்துக்குடிப் பக்கத்து ஊர்களெல்லாம் தண்ணீரில் நின்றது நினைவிருக்கும். செந்தூர்பாண்டியின் பெண்டாட்டி அனுப்பிரியாவுக்கு ஏரல் பக்கம் ஆற்றங்கரை ஊர். அங்கே அவள் அப்பா வேலுச்சாமி வாழைத்தோப்பில் வேலை பார்க்கிறவர், அம்மா செல்வலட்சுமி. தண்ணீர் வீட்டுக்குள் ஏறியபோது வேலுச்சாமி பெண்டாட்டியை யாரோ ஒருவரின் டிராக்டரில் ஏற்றிவிட்டு, கன்றுக்குட்டியை அவிழ்த்துவிட்டு வருகிறேன் என்று திரும்பிப் போனார். வரவில்லை. செல்வலட்சுமி லாரியிலும் பஸ்ஸிலும் மாறி மாறி, காலில் செருப்பில்லாமல் சிவகாசி வந்து சேர்ந்தாள். வந்தவள் நேராக வீட்டுக்கு வரவில்லை. எங்கள் தெருமுனையில் புளியமரத்தடியில் நின்றுகொண்டே இருந்தாள். மகளைக் கொடுத்த வீட்டுக்கு ஒரு சீப்புப் பழம்கூட இல்லாமல் எப்படி நுழைவது என்று வெட்கம். உடுத்திய சேலை காய்ந்து விறைத்திருந்தது. கருப்பம்மாள்தான் பார்த்து, ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

வேலுச்சாமியின் போன் அணைந்து கிடந்தது. அந்த ஊரில் யாருக்குப் போட்டாலும் போகவில்லை. செந்தூர்பாண்டி தேடிப் புறப்பட்டான். ரோடு அறுந்து கிடக்கிறது என்று பாதியிலேயே திருப்பிவிட்டார்கள். மறுபடியும் போனான். பக்கத்தில் இருந்த முகாம்களில் தேடினான். வேலுச்சாமி ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில், கால் எலும்பு முறிந்து கிடந்தது அவனுக்கு எப்படித் தெரியும்?

வீட்டில் செல்வலட்சுமியால் சும்மா உட்கார முடியவில்லை. பின்கட்டில் கருப்பம்மாள் பின்னிக்கொண்டிருந்த சரத்தில் போய்க் கையை வைத்தாள். கருப்பம்மாள் பதறிப்போய்ப் பிடுங்கினாள். சம்பந்தியை வேலை வாங்கினாள் என்றால் ஊர் காறித் துப்பும். அதுவும் வெடி வேலை. செல்வலட்சுமி விடவில்லை.

"கையச் சும்மா வச்சிருந்தா அவரு தண்ணிக்குள்ள கெடக்குற மாதிரியே தெரியுது மதினி. இதக் குடுங்க. இல்லைன்னா நான் பைத்தியமாயிருவேன்."

அதற்கு மேல் கருப்பம்மாளால் மறுக்க முடியவில்லை. கதவைச் சாத்திவிட்டு இரண்டு பேரும் பின்னினார்கள். வெள்ளத்தில் தப்பி வந்த மனுஷியை வெடிமருந்துக்குள் உட்கார வைத்திருக்கிறேனே என்று என்னிடம் சொல்லி வருத்தப்பட்டாள். யாரிடமும் சொல்லிவிடாதே என்று சத்தியமும் வாங்கிக்கொண்டாள்.

அப்படி ஒரு நாளில்தான் அப்ரின் வந்தாள். விருதுநகர்ப் பெண். வெள்ளம், கலவரம், போர் என்று வீட்டை விட்டுப் போனவர்கள் எங்கெங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்று தேடிக் கணக்கெடுக்கிற ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை. முகாமில் இருப்பவர்களை யார் வேண்டுமானாலும் எண்ணிவிடலாம், சொந்தக்காரர் வீட்டில் ஒடுங்கிக் கிடப்பவர்களை எண்ணுவதுதான் கஷ்டம் என்று பிற்பாடு அவள் எனக்குச் சொன்னாள். அந்தப் பள்ளிக்கூட முகாமில் வேலுச்சாமி இவர்களுடைய ஆட்களிடம், என் மகள் சிவகாசியில் கருப்பம்மாள் வீட்டில் இருக்கிறாள், என் பெண்டாட்டி அங்கே வந்திருக்கிறாளா என்று பாருங்கள் என்று கெஞ்சியிருக்கிறார். போன் நம்பர் எதுவும் அவருக்கு மனப்பாடம் இல்லை. அந்த விசாரணைக்குத்தான் வெயிலில் நடந்து வந்திருக்கிறாள் இந்தப் பெண்.

தேடுகிறவர் யார் என்பதை எடுத்தவுடன் சொல்லக் கூடாது என்று அவர்கள் வேலையில் ஒரு விதி. தேடப்படுகிறவள் சம்மதித்த பிறகுதான் சொல்ல வேண்டும். புருஷனிடம் அடி வாங்கி ஓடி வந்தவளாக இருந்தால்? நல்ல விதிதான், குறை சொல்ல மாட்டேன். அதனால் அப்ரின், கழுத்தில் அட்டையோடு, கையில் டேப்லெட்டோடு வாசலில் நின்று, இந்த வீட்டில் எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று ஆரம்பித்து, செல்வலட்சுமி என்று யாராவது வந்திருக்கிறார்களா என்று முடித்தாள்.

பேரைச் சொல்லிக் கேட்டதும் கருப்பம்மாளுக்குப் பழைய ஜீப்தான் ஞாபகம் வந்தது. யாரோ காட்டிக்கொடுத்துவிட்டார்கள், பெயர் உட்பட எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், நாளைக்கு ஜீப் வரும், சம்பந்தியைப் பிடித்துப் போவார்கள். அவள் மனசில் ஓடியது இவ்வளவுதான்.

"அப்படி யாரும் இங்கன வரலை தாயி. நானும் மகனும் மருமகளும்தான். சம்பந்தியம்மா வந்தா எங்களுக்குத் தெரியாமப் போகுமா?"

அப்ரின் பக்கத்து வீடுகளிலும் கேட்டிருக்கிறாள். எல்லோரும் ஒரே குரலில் இல்லை என்றார்கள். அனுப்பிரியா வேலைக்குப் போயிருந்தாள். எனக்கு அச்சாபீசில் காலண்டர் சீசன், அன்றைக்கு நான் பைண்டிங்கில் இருந்தேன். இருந்திருந்தாலும் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். இதில் நான் உத்தமி வேஷம் போட முடியாது.

இதில் என்னை மிகவும் வதைப்பது வேறு ஒன்று. பின்கட்டில் சாத்திய கதவுக்குப் பின்னால் செல்வலட்சுமி உட்கார்ந்திருந்தாள். தன் பெயரைச் சொல்லி யாரோ கேட்பது அவள் காதில் விழுந்திருக்கிறது. சோறு போட்ட வீட்டுக்குத் தன்னால் கேடு வந்துவிடக் கூடாது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறாள். அப்ரின் கொடுத்துவிட்டுப் போன நம்பர்ச் சீட்டைக் கருப்பம்மாள் அடுப்பில் போட்டாள். அதைச் செல்வலட்சுமியும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாளாம்.

சில நாள் கழித்து வந்தது அந்த போன். சாயங்காலம் நான் அச்சாபீசில் கொடுத்த காலண்டர் ஒன்றை அவர்களுக்குக் கொடுக்கப் போயிருந்தேன். செல்வலட்சுமி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அனுப்பிரியாவின் போன் அடித்தது. அவள் ஊரிலிருந்து மாமா முறை வேண்டிய ஒருவர். லைன் இப்போதுதான் கிடைத்தது என்று சொல்லி, ஒரு மூச்சு விட்டு, விஷயத்தைச் சொன்னார். போனில் சத்தம் வெளியே கேட்டது.

"ஒங்கம்மாவ வாழத்தோப்புல எடுத்தாக தாயி. காரியமெல்லாம் முடிஞ்சிருச்சு. ஒனக்குச் சொல்லி விட வழியில்லாமப் போச்சு."

அனுப்பிரியா அம்மாவைப் பார்த்தாள். அம்மா வெங்காயத்தோடு இவளைப் பார்த்தாள். செல்வலட்சுமிதான் முதலில் எழுந்து போனை வாங்கினாள். நான் உயிரோடு இருக்கிறேன் என்று அவள் சொல்லவில்லை.

"கொள்ளி வச்சது யாரு? அவரா? அவரு இருக்காரா?"

அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள். பயந்திருப்பார்கள், பாவம். மறுபடி கூப்பிட்டு, அழுது, கத்தி, புரியவைக்கப் பெரும்பாடு பட்டோம்.

வேலுச்சாமி பள்ளிக்கூட முகாமில் இருப்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, ஒரு வேனைப் பிடித்து எல்லோரும் போனோம். கருப்பம்மாள் வழி நெடுகப் பேசவில்லை. பேசாத கருப்பம்மாளை அன்றைக்குத்தான் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு, காலில் மாவுக்கட்டோடு வேலுச்சாமியை உட்கார வைத்திருந்தார்கள். தலை மொட்டை. மீசையும் இல்லை. பெண்டாட்டியைப் பார்த்ததும் அந்த மனுஷன் செய்த முதல் காரியம், தோளில் கிடந்த துண்டை எடுத்து மொட்டைத் தலையை மூடிக்கொண்டதுதான். உயிரோடு இருப்பவளுக்கு மொட்டை போட்டுக்கொண்டோமே என்று அவருக்கு அவமானம். செல்வலட்சுமி துண்டோடு சேர்த்து அவர் தலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சுற்றி இருந்தவர்கள் அழுதார்கள், சிரித்தார்கள். கொஞ்ச நேரம் எல்லோருக்கும் சந்தோஷம்தான்.

பிறகு வேலுச்சாமி, பொதுவாக எல்லோரையும் பார்த்து, அப்படியானால் நான் யாருக்குக் கொள்ளி வைத்தேன் என்று கேட்டார்.

கருப்பம்மாள் அங்கேயே, அத்தனை பேர் முன்னிலையில், அந்தப் பெண் வந்து கேட்டது, தான் இல்லை என்றது, சீட்டை எரித்தது எல்லாவற்றையும் சொன்னாள். வெடி பின்னியதையும் சேர்த்துத்தான். செருப்பால் அடியுங்கள் அண்ணே என்றாள். வேலுச்சாமி திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்குத் தேவலை.

"மொதல்ல ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போய்க் காட்டுனப்ப இது எம் பொஞ்சாதி இல்லைன்னுதான் சொன்னேன் தங்கச்சி. மொகம் தெரியலை, ஒசரம் மட்டும் ஒத்து வந்துச்சு. சிவகாசிக்கும் வரலையாம்னு சொன்னாக. அதுக்குப் பொறவுதான் மறுபடியும் போய்ப் பாத்தேன். அப்ப அவ மாதிரியே தெரிஞ்சுச்சு."

ஊர் திரும்பியதும் கருப்பம்மாள் பின்கட்டில் இருந்த மூட்டையை ஏஜெண்டு வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டு வந்தாள். மறுநாள் என்னையும் கூட்டிக்கொண்டு, முகாமில் கேட்டு வைத்திருந்த விலாசத்தில், விருதுநகரில் சூலக்கரைப் பக்கம் இருந்த அப்ரினின் ஆபீசுக்குப் போனாள். உள்ளே நுழைய முடியாமல் வாசலிலேயே நின்றாள். அப்ரின்தான் வெளியே வந்து, வாங்கம்மா என்று கூப்பிட்டாள். அந்த வாங்கம்மாவிலேயே இவள் உடைந்துபோனாள்.

எரித்த உடம்பு யாருடையது என்பது அதற்குள் ஏறக்குறைய தெரிந்திருந்தது. விருதுநகரில் மிளகாய் வத்தல் மூட்டைகள் அடுக்கி வைக்கும் கிட்டங்கி ஒன்றில் காம்பு கிள்ளும் முத்துப்பேச்சி என்ற பெண், ஏரல் பக்கம் வெள்ளத்தில் போன தன் அம்மா பூலம்மாளைத் தேடிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் எடுத்து வைத்திருந்த மூக்குத்தியையும் சேலையையும் படம் பிடித்து அனுப்பியதும், தீபாவளிக்குத் தான் எடுத்துக் கொடுத்த சேலை என்று சொல்லிவிட்டாளாம். உடம்பு எங்கே என்பதை மட்டும் இன்னும் யாரும் அவளிடம் சொல்லவில்லை. அதைச் சொல்ல அப்ரின் அன்றைக்குப் போவதாக இருந்தது. இது என் வேலை, நீங்கள் வர வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள்.

"மறைச்சது நானு. நாந்தான் அந்தப் பிள்ளை மொகத்தப் பாத்துச் சொல்லணும்."

நான் அவளை இழுத்துப் பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை. சொல்லத்தான் வேண்டும் என்று எனக்கும் பட்டது.

முத்துப்பேச்சி வீடு கிட்டங்கிக்குப் பின்னால் ஒரே அறை. வத்தல் நெடி மூக்கில் ஏறியது. முப்பது வயசுக்குள்ளான பெண். பாயை விரித்து உட்காரச் சொன்னாள். கருப்பம்மாள் உட்காரவில்லை. நின்றபடியே, ஒன்றையும் விடாமல் சொன்னாள். தனக்குச் சாதகமாக ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. இருளாண்டி கதையைக்கூடச் சொல்லவில்லை. எனக்கு வாய் துறுதுறுத்தது, பயத்தில் சொல்லிவிட்டாள் தாயி என்று எடுத்துச் சொல்ல வேண்டும் போல இருந்தது. கருப்பம்மாள் என்னைப் பார்த்த பார்வையில் பேசாமல் இருந்துவிட்டேன்.

முத்துப்பேச்சி நிமிர்ந்து கருப்பம்மாளைப் பார்த்துச் சொன்னாள்.

"நீங்க அன்னைக்கு உள்ளதச் சொல்லியிருந்தா எங்கம்மா ஆஸ்பத்திரியிலயே இருந்திருக்கும். நான் போய் ஒரு தடவ பாத்திருப்பேன்."

கருப்பம்மாள் ஆமாம் என்றாள்.

பிறகு முத்துப்பேச்சி விசாரிக்க ஆரம்பித்தாள். குளிப்பாட்டினார்களா? வாய்க்கரிசி யார் போட்டது? முகாமில் இருந்த பெண்கள் நிவாரணத்துக்கு வந்த அரிசியில் ஆளுக்கு ஒரு கை போட்டார்கள் என்று கருப்பம்மாள் சொன்னாள். எல்லாவற்றையும் வேலுச்சாமியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்திருந்தாள். ஆண் பிள்ளை இல்லாதவள் எங்கம்மா, கொள்ளிக்கு ஆளில்லை என்று எந்நேரமும் புலம்பும் என்றாள் முத்துப்பேச்சி. கால் ஒடிந்தவர்தான், நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய்க் கொள்ளி வைக்க வைத்தார்கள் என்று கருப்பம்மாள் சொன்னாள்.

"அவரு அழுதாரா?"

"அழுதாரு தாயி. சொந்தப் பொஞ்சாதின்னு நெனச்சு அழுதாரு. ரெண்டு பேரு பிடிச்சும் அடக்க முடியலையாம்."

அதைக் கேட்டபிறகுதான் முத்துப்பேச்சிக்கு அழுகை வந்தது. பக்கத்தில் இருந்த அப்ரின் தோளில் சாய்ந்து, எங்கம்மா, எங்கம்மா என்று கதறினாள். யார் வீட்டில் எழவு விழுந்தாலும் முதல் ஆளாக ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைக்கிறவள் கருப்பம்மாள். அவள் கை தன்னால் முன்னே போனதை நான் பார்த்தேன். பாதியில் நிறுத்தி, முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு, தொடுவதற்கு எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது பத்திரகாளி என்று என்னிடம் மெல்லச் சொன்னாள். பிறகு வெளியே போய் வெயிலில் நின்றுகொண்டாள். உள்ளே அழுகை ஓயும்வரை அங்கேயே நின்றாள்.